பொறிக்குத் தமிழ் கசக்குமோ?

மாமல்லபுரத்துக் கற்பட்டறைகளில் இளையோர் உளி பிடிக்கும் முறையைத் தமிழிலேயே கேட்டுப் பழகுகின்றனர். கல் மறுப்பதில்லை. அருகிலுள்ள செங்கற்பட்டுப் பள்ளிகளில் தமிழ்வழியே கணிப்பொறி பயிலும் மேனிலை மாணவர் நிலையோ வேறு. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் பைத்தான் நிரல்மொழிக்கு விளக்கம் தமிழில் உள்ளது. கட்டளைச் சொற்களோ ஆங்கிலத்தில் உள்ளன. கருத்தை உணருமுன் அயற்சொல்லை உருப்போட வேண்டியுள்ளது. பொறிக்கு ஆங்கிலமே விளங்கும் என்று இதற்குக் கரணியங் கூறுவாரும் உளர். அது பொய். பொறி அறிந்தவை ஒன்றும் சுழியுமே!

ஆங்கிலம் அறிந்தாரே முன்னை நிரல்மொழியைத் தமக்கேற்ப வளைத்துக்கொண்டனர். 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட போர்ட்ரானில் ஆணைகளை ஏழாங் கட்டத்திலிருந்தே எழுதவேண்டும். வரியெண் சுட்டி அங்குமிங்கும் தாவவேண்டும். இவ்விடர் தீரப் பெல் ஆய்வகத்துப் பிரையன் கெர்னிகான் 1970-களில் 'இராட்பார்' என்னும் முன்மாற்றியைப் படைத்தார். தெளிந்த நடையில் எழுதியதை அது போர்ட்ரானாக மாற்றித் தந்தது. ஆங்கிலம் வல்லார்க்கே இத்தகைய ஏந்து வேண்டியிருந்ததெனின், தமிழ்ச் சிறார்க்கு வேண்டாவோ?

செய்ய இயலும் என்பதற்கு 'எழில்' சான்று. முத்து அண்ணாமலை 2007-இல் தொடங்கிய இத்தமிழ் நிரல்மொழி பைத்தானைக் கொண்டு இயற்றப்பட்டது. திரையில் காட்டுதற்குப் 'பதிப்பி' என்பது ஆணை. சொல்லை மட்டும் பெயர்த்து அமைந்ததன்று இம்மொழி. ஆங்கில முறையில் 'ஆனால்' என்பதற்குரிய சொல் வரையறைக்கு முன் நிற்கும். எழிலிலோ வரையறை முன்னும் 'ஆனால்' பின்னும் நிற்கும். 'மழை வந்தால் குடையெடு' என்னும் தமிழ்த் தொடரமைப்பும் அதுவே அன்றோ?

எனினும், இராட்பாரின் குறையொன்று தமிழர்க்குப் பாடமாகும். எழுதியதில் பிழை நேர்ந்தவிடத்துப் பெரும்பாலும் போர்ட்ரானே தன் வழக்கிற் குறை கூறிற்று; எழுதியவர் திகைத்தார். ஆணை தமிழிலும் பிழையுரை ஆங்கிலத்திலுமாக இருப்பின் கற்கும் சிறுவனும் அவ்வாறே திகைப்பான். பிழையுரை, பயிற்சிநூல், எடுத்துக்காட்டு அனைத்தும் தமிழில் அமைதல் வேண்டும்.

ஆங்கில நிரல்மொழிக் கதவை அடைக்க வேண்டுவதில்லை. முதற்படியைத் தமிழில் ஏறியவன் அடுத்த படியைத் தானே ஏறுவான். மேடையில் தமிழ் வாழ்க என முழங்குவார் பல்லாயிரவர். சிற்றூர்ப் பள்ளிக்கென ஒரு நிரற்பயிற்சி நூல் எழுத முன்வருவார் எத்துணையர்? உளி கையிலிருந்தும் கல்லைக் குறைகூறி அமர்வது சிற்பியின் இயல்பன்று; தமிழர்க்கும் அஃது அழகன்று.