எந்த ஏரியா சார்?

போன மாசம் துபாயிலிருந்து அக்கா மகன் வந்தான். விமானம் இறங்கினது ராத்திரி ஒண்ணரை மணி. பெட்டி எடுத்து, சுங்கம் தாண்டி வெளியே வர ரெண்டரை ஆச்சு. கயிறு கட்டின அட்டைப்பெட்டி ரெண்டு, தோளில் ஒரு பை. ரெண்டு வருசம் கழிச்சு வர்றான், காசு பார்க்க வேணாமென்று செல்போனில் கார் பதிவு பண்ணினேன். ஆயிரத்து இருநூறு காட்டியது. டிரைவர் கூப்பிட்டார்.

"எங்க சார் ட்ராப்பு?"

"எண்ணூர்."

"எண்ணூர்ல எந்த ஏரியா சார்?"

காலனிப் பேரைச் சொன்னேன். லைன் கட். அடுத்த நிமிசம் சவாரி ரத்து. ரெண்டாவது ஆள் கொஞ்சம் மரியாதைக்காரர். "அங்க வந்தா திரும்பி வர சவாரி கெடைக்காது சார்" என்று காரணம் சொல்லி ரத்து பண்ணினார். மூணாவது ஆள் கூப்பிடவே இல்லை.

"வுடு மாமா. விடிஞ்சா ட்ரெய்ன்ல போலாம்" என்றான் பையன். தரையில் உட்கார்ந்தோம்.

அந்த டிரைவர்களைத் திட்ட இதை எழுதவில்லை. அவர்களும் கடன் வண்டி ஓட்டுகிறவர்கள். அதில் ஒருத்தர் நம்ம சனமாகக்கூட இருக்கலாம். திரும்பி வர சவாரி கிடைக்காது என்பதும் உண்மைதான். அந்த உண்மையை யார் உண்டாக்கினது என்பதுதான் கேள்வி. கிராமத்தில் "எந்த ஊரு?" என்று கேட்டவன் அதோடு விடுவதில்லை. "ஊர்ல எந்தத் தெரு?" என்பான். தெரு தெரிந்தால் சாதி தெரியும். பட்டணத்தில் அந்தக் கேள்விக்கு "எந்த ஏரியா?" என்று பேர்.

வண்டிக்காரன் கேட்கிற கேள்வி அம்பேத்கருக்கும் வந்தது. 1901ஆம் வருசம், சின்னப் பையன். கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள் பிள்ளைகள். கூட்டிப் போக ஆள் வரவில்லை. மகார் என்று தெரிந்ததும் ஒரு மாட்டு வண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் ரெட்டை வாடகை பேசி, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் தன் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தான். 1929இல் அவர் பாரிஸ்டர். சாலிஸ்கான் ஸ்டேஷனில் இறங்கினார். அவரை வைத்து ஓட்ட எந்தக் குதிரை வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. ஓட்டத் தெரியாத நம்ம ஆள் ஒருவர் ஓட்டி, பாலத்தில் மோதி, அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது. கவனிச்சுப் பாருங்க தோழர்களே, ரெண்டு தடவையும் ரயில் அவரைக் கொண்டு வந்து விட்டுவிட்டது. அவமானம் ஆரம்பித்தது ஸ்டேஷனுக்கு வெளியே. டிக்கட்டு தெருப் பேரைக் கேட்பதில்லை.

அதனாலேயே பொதுவண்டி என்றால் ஆதிக்கசாதிக்கு எப்பவும் ஒரு எரிச்சல். நீதிக்கட்சிக் காலத்தில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், நம்மை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. 1997இல் என்ன நடந்தது? விருதுநகரில் புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். கலவரம், ரத்தம். அரசு என்ன செய்தது? மாவட்டங்களிலும் கழகங்களிலும் இருந்த எல்லாத் தலைவர் பேரையும் மொத்தமாகத் துடைத்து எடுத்தது. பேரே வேணாம் என்று முடிவான அதே நாட்டில்தான் 2020இல் மூணு மெட்ரோ ஸ்டேஷனுக்கு மூணு முதலமைச்சர் பேரை வைத்தார்கள். அப்போ எந்தச் சாதியும் இறங்கிப் போகவில்லை.

இப்போ மெட்ரோவுக்கு வருவோம். "விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்குப் போகப் பல வழிகள் உண்டு, உங்கள் வசதிப்படி தேர்ந்தெடுங்கள்" என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். எது நகர மையம்? தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பினது ராயபுரத்திலிருந்து. துறைமுகம் இங்கே, மூட்டை தூக்கினவன் இங்கே. அப்புறம் மின்ரயில் 1931இல் வந்தது, பீச்சிலிருந்து தெற்கே தாம்பரத்துக்கு. பறக்கும் ரயில் 1995இல் வந்தது, அதே பீச்சிலிருந்து தெற்கே. நம்ம கும்மிடிப்பூண்டி பாதைக்கு மின்சாரம் வர 1979 ஆச்சு. இன்னிக்கும் எக்ஸ்பிரசுக்கும் சரக்குக்கும் வழிவிட்டு நம்ம லோக்கல் சிக்னலில் நிற்கும்.

2009இல் மெட்ரோ வேலை தொடங்கினபோது போட்ட வரைபடத்தில் வண்ணாரப்பேட்டையோடு கோடு நின்றது. 2016 செப்டம்பரில் விமான நிலையத்தில் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. திருவொற்றியூர்க்காரன் ஏற 2021 பிப்ரவரி வரை காத்திருந்தான். அதுவும் விம்கோ நகரோடு சரி. தீப்பெட்டிக் கம்பெனி பேரில் ஒரு கடைசி ஸ்டேஷன். அதுக்கு அந்தாண்டை எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர். ரெண்டாம் கட்ட மெட்ரோ 63,246 கோடி, 118.9 கிலோமீட்டர், மூணு வழித்தடம். ஒண்ணுகூட எண்ணூருக்கோ மணலிக்கோ கிடையாது. ஏகனாபுரத்துச் சனங்க 2022லேர்ந்து வேணாம் வேணாமென்று போராடுகிற பரந்தூர் விமான நிலையத்துக்கு, பூந்தமல்லியிலிருந்து மெட்ரோ நீட்டத் திட்ட அறிக்கை தயார். வராத விமானத்துக்கு ரயில் உண்டு, இருக்கிற எண்ணூருக்கு இல்லை.

"அதான் விம்கோ நகர் வரை குடுத்தாச்சே, அம்பது ரூபாய்தானே" என்பார்கள் நம்ம முற்போக்கு நண்பர்கள். நம்ம பக்கத்திலிருந்து விமான நிலையத்துக்குக் காண்டிராக்ட்டில் கூட்டிப் பெருக்கப் போகிற பெண்ணுக்குப் போக அம்பது, வர அம்பது. 26 நாளைக்கு 2600. கார்டு போட்டுக் கழிவு வாங்கினாலும் ரெண்டாயிரத்துக்குக் கீழே வராது. அவள் என்ன செய்வாள்? சாதா பஸ் பெண்களுக்கு இலவசம், ரெண்டு மூணு பஸ் மாறிப் போவாள். இல்லாட்டி மின்ரயில், பத்துப் பதினைஞ்சு ரூபாய். அவள் தன் தூக்கத்தில் ரெண்டு மணி நேரத்தை வெட்டிக் கட்டணம் கட்டுகிறாள். இதுக்குப் பேர் தேர்வாம்!

ராத்திரிக்கு அந்தத் தேர்வும் கிடையாது. வளைகுடா விமானம் பாதி நடுராத்திரியில்தான் இறங்கும். மெட்ரோவுக்கு முதல் வண்டி அஞ்சு மணி. மின்ரயில் நாலு மணி வாக்கில். 2023 டிசம்பர் 26 நடுராத்திரி, பெரியகுப்பம் கடலோரத்தில் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது சனங்க குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கைக்குக் கிடைத்த வண்டியில் ஏறினார்கள், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். நிலக்கரிக்கு ராத்திரி பகல் ரயில் ஓடுகிற ஊர் இது. கண்டெய்னருக்கு விடிய விடிய ரோடு.

ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு மின்ரயிலாவது திரிசூலத்திலிருந்து எண்ணூர் வரை மாறாமல் ஓடட்டும். மெட்ரோவை எண்ணூருக்கு நீட்டட்டும். வாடகை வண்டி சவாரி மறுத்தால் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 178ஆம் பிரிவு சொல்கிறது. செல்போன் கம்பெனிக்கு அது பொருந்தாதா என்று போக்குவரத்து ஆணையர் வாய் திறந்து சொல்லட்டும். ஏரியாவைக் கேட்டு ரத்து செய்கிற ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம் எழுதி வையுங்கள். பத்திரிகைக்கு அனுப்புங்கள், போடுகிறோம்.

நாலு மணிக்குச் சுரங்கப்பாதை வழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிசூலம் ஸ்டேஷனுக்குப் போனோம். பார்க்கில் இறங்கி, மூர்மார்க்கெட் வளாகம் வரை மறுபடி தூக்கி, அங்கே வண்டிக்குக் காத்திருந்து, எண்ணூரில் இறங்கும்போது நல்லா விடிஞ்சிருந்தது. கேட்டுக்கு அந்தாண்டை அக்கா நின்னுகினு இருந்தாள். "ஏரோப்ளேன் ஒண்ணரைக்கே எறங்கிடுச்சுன்னியே, இவ்ளோ நேரம் இன்னாடா பண்ணீங்க?" என்று கேட்டாள்.