தா புரோமில் இருபது நிமிடம்

அங்கோரை ஒரே நாளில் காட்டும் சுற்றுலாக்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. தா புரோம் கோயிலில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அதுவும் 'டூம்ப் ரைடர்' படத்தில் வந்த மரத்தடியில் போட்டோ எடுக்க!

1186இல் ஏழாம் ஜெயவர்மன் தன் தாயைப் பிரக்ஞாபாரமிதையாக நிறுவிய கோயில் அது. அதன் சேவைக்கு 3,140 ஊர்கள், 79,365 பேர் என்று கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. அந்தக் கெமர் ஜனங்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் குழுவில் ஒருவர், "கட்டினது நம்ம சோழன்தானே?" என்றார். வழிகாட்டி சிரித்தபடி தலையாட்டினார்.

அவர்மேல் குற்றமில்லை, அட்டவணை போட்டவர் வேறு. நேரமில்லையாம். மரத்துக்கு மட்டும் இருந்ததே? ஐந்து கோயிலைக் குறைத்து இரண்டாக்குங்கள். உழைத்தவர்கள் யாரென்று சொல்ல ஐந்து நிமிடம் போதும்.