கை, கால் விழுந்ததா? முதலில் என்னிடம் வராதீர்கள்!

'சித்த வைத்தியர் ஸ்கேன் பற்றி எழுதுவதா? இதென்ன வேடிக்கை!' என்று புருவத்தை உயர்த்துகிறீர்களா? உயர்த்துங்கள். ஆனால் கட்டுரையை முடிவுவரை படித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருக்கும் பெரியவர் இருந்தால், அவசியம் படியுங்கள்.

பக்கவாதம், பாரிச வாயு, வாதம் அடிச்சுடுச்சு... எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, அது வந்தவுடன் நம் குடும்பங்களில் நடப்பது என்ன? "நல்ல தைலமா வாங்கித் தேய்ச்சா சரியாயிடும்" என்பார் ஒருவர். "புறா ரத்தம் தடவுங்க" என்பார் இன்னொருவர். "காத்து கருப்பு ஏதாச்சும் இருக்கும், மந்திரிச்சுட்டு வந்துடலாம்" என்பார் பக்கத்து வீட்டுப் பாட்டி. இந்த ஆலோசனைகள் முடிவதற்குள் மூளையில் பாதி நாடகம் முடிந்துவிடுகிறது!

எவ்வளவு வேகமாக? மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். தைலத்தைச் சூடு பண்ணும் நேரம் எத்தனை நிமிடம்? நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் சொல்லும் சேதி

மூளைக்குள் நடக்கும் இந்த விபத்தை ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும் ஒரு கருவி இன்று இருக்கிறது. 'டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.' என்று பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால், கலக்காமலேயே மெல்லப் பரவுகிறதல்லவா? தண்ணீரின் துகள்கள் ஓயாமல் ஆடிக்கொண்டே இருப்பதுதான் காரணம். நம் மூளைக்குள் இருக்கும் தண்ணீரும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டத்தைத்தான் இந்த ஸ்கேன் அளக்கிறது. ஒரு அளவீட்டு நேரத்தில் அந்தத் துகள் நகரும் தூரம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அதையும் பிடித்துவிடுகிறது!

பிரான்சைச் சேர்ந்த டெனிஸ் லெ பிஹான் என்ற மருத்துவர், 1980-களின் நடுவில் இந்த முறையில் மனித மூளையைப் படமெடுத்துக் காட்டினார். 1990-ல் அமெரிக்காவில் மைக்கேல் மோஸ்லி குழுவினர் பூனைகளிடம் சோதித்தபோது, ரத்தம் தடைபட்ட மூளைப் பகுதியில் தண்ணீரின் ஓட்டம் வெகு சீக்கிரமே குறைந்துபோவதைக் கண்டார்கள். பக்கவாத மருத்துவத்தில் அது ஒரு பெரிய திருப்பம்.

ஏன் குறைகிறது? தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கடைக்காரர்களும் சரக்கை வெளியே இழுத்துப் போட்டுவிட்டால் நடுவில் நடக்க இடம் ஏது? அதே கதைதான். ரத்தம் நின்றதும் செல்லுக்குச் சக்தி கிடைப்பதில்லை. உப்பை வெளியேற்றும் பம்ப் நின்றுபோகிறது. தண்ணீர் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது. செல்களுக்கு இடையே உள்ள சந்து குறுகிவிடுகிறது. தண்ணீர் நகர முடியாமல் திணறுகிறது. ஸ்கேனில் அந்த இடம் வெள்ளை வெளேரென்று பளிச்சிடுகிறது.

முதல் சில மணி நேரத்தில் சி.டி. ஸ்கேன் பார்த்தால் பல சமயம் ஒன்றும் தெரியாது. இந்த டிஃப்யூஷன் படத்திலோ பெரும்பாலும் தெரிந்துவிடும். இதற்கென்று ஊசி மருந்து தேவையில்லை, எக்ஸ்-ரே கதிரும் கிடையாது. எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் இந்தப் பகுதிக்கு ஓரிரு நிமிடம் போதும்.

தூங்கி எழுந்தபோது...

"ராத்திரி நல்லாத்தான் படுத்தார், காலையில எழுந்தா கை வரல" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்தது எத்தனை மணிக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்? முன்பெல்லாம் இவர்களுக்கு ஊசி போடத் தயங்கினார்கள். டிஃப்யூஷன் படத்தில் பளிச்சென்று தெரிந்து, ஃப்ளேர் என்ற இன்னொரு வகைப் படத்தில் இன்னும் தெரியவில்லை என்றால், பாதிப்பு புதியது என்று அர்த்தம். இப்படித் தேர்ந்தெடுத்து ஊசி போட்டவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்பதை 2018-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. பெரிய குழாயில் அடைப்பு என்றால், தகுதியான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்க முடியும் என்பதும் அதே ஆண்டில் உறுதியானது.

இன்னொன்று. வாய் கோணி, பேச்சுக் குழறி, பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். "கேஸ் டிரபிளா இருக்கும்" என்று விட்டுவிடுவோம். தப்பு! இப்படி வந்து போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு டிஃப்யூஷன் படத்தில் மூளைப் பாதிப்பு தெரிகிறது. பெரிய அடிக்கு முன் வரும் மணியோசை அது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நாடியில் தெரியாதா?

"நாடி பிடிச்சா எல்லாம் தெரிஞ்சுடுமே டாக்டர்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நாடி உட்பட எண்வகைத் தேர்வுகளைக் கல்லூரியில் முறையாகப் படித்தவன் நான். சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பு போல நீள்கிறதா, மோதிரம் போல வட்டமிடுகிறதா, முத்துப் போல நிற்கிறதா என்று பார்க்கும் நெய்க்குறியை இன்றும் மதிக்கிறேன். ஆனால் பக்கவாதம் ரத்த அடைப்பால் வந்ததா, ரத்தக் கசிவால் வந்ததா என்பதை நாடியோ நெய்க்குறியோ சொல்லாது. இரண்டுக்கும் சிகிச்சை நேர் எதிர். ஸ்கேன் இல்லாமல் பிரிக்கவே முடியாது. 'இதையெல்லாம் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று மார்தட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் கண்ணால் கண்டதை எழுதிவைத்தார்கள். இன்று கண்ணுக்குத் தெரியாததைக் காணக் கருவி வந்திருக்கும்போது அதைப் புறக்கணிப்பதா அவர்களுக்குச் செய்யும் மரியாதை?

அதற்காக, "எங்களுக்கு எம்.ஆர்.ஐ.தான் வேணும்" என்று அவசரப் பிரிவில் அடம்பிடிக்காதீர்கள். கசிவு இல்லை என்று சி.டி. பார்த்தே ஊசி போட்டுவிட முடியும். எது தேவை என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்யட்டும். இந்தப் படமும் தெய்வ வாக்கு அல்ல. மூளையின் பின்பகுதியில் வரும் சிறு பாதிப்புகள் முதல் நாளில் தப்பிவிடுவதுண்டு. பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் உடம்பில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு தொந்தரவும் இல்லாதவர், 'எதற்கும் பார்த்து வைப்போமே' என்று மூளையை ஸ்கேன் எடுத்துப் பர்ஸைக் காலி செய்ய வேண்டியதும் இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

* முகம் கோணுகிறதா, ஒரு கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, திடீரென்று பார்வையோ நடையோ தடுமாறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.
* கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.
* வாயில் கஷாயம், காபி, தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். நீங்களாக ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள். கசிவாக இருந்தால் ஆபத்து.
* ஸ்கேன் வசதியும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனை உங்கள் ஊருக்கு அருகில் எது? இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.

'அப்படியானால் சித்த மருத்துவத்துக்கு வேலையே இல்லையா?' இருக்கிறது. ஆபத்து நீங்கி, நரம்பியல் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு வாருங்கள். தைலம், தொக்கணம் எல்லாம் இயன்முறைப் பயிற்சியோடு கைகோத்து வரட்டும். ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் மட்டும் யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை இரண்டு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

என் கிளினிக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். ஆனால் அந்த முதல் சில மணி நேரத்தில் நீங்கள் தட்ட வேண்டியது வேறு கதவு!