வெத்தலைத் தட்டை நீட்டாதீர்கள்!



வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, ஓர் அக்கா தோட்டத்துக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் போகும் நாம் என்ன செய்கிறோம்? "கண்டம் தாண்டியாச்சு, இனி ஒண்ணும் ஆகாது" என்கிறோம். சற்று நேரத்தில் வெத்தலைத் தட்டு அவர் பக்கம் நகர்கிறது. "போயிலை வேணாம், வெறும் பாக்குதானே!" என்று சமாதானமும் சொல்கிறோம். அன்பு என்ற பெயரில் நாம் செய்யும் கொடுமை இது.

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையேதான் அதிகம். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகவே கூறியிருக்கிறது. பல வருஷம் பாக்குச் சாறு ஊறிய வாயில், வெட்டியெடுத்த இடம் மட்டுமா கெட்டிருக்கும்? வாய் முழுவதும் பாதிக்கப்பட்டிருக்கும். அதனால் வேறோர் இடத்தில் புதிய புற்று முளைக்கலாம். பிழைத்தவர் மறுபடி மென்றால், நோயை அவரே அழைத்து வருகிறார் என்றுதான் பொருள். சிகரெட்டும் சம்சுவும் இதே கணக்குத்தான்.

நீண்ட நாள் வாழ வழி என்ன? பாக்கு, புகையிலை, மது மூன்றையும் அடியோடு விடுங்கள். கதிர்ச் சிகிச்சைக்குப் பின் எச்சில் வற்றும், பல் சீக்கிரம் சொத்தையாகும். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். காலையும் இரவும் பல் துலக்குங்கள். பல்லைப் பிடுங்கப் போனால், "எனக்குக் கதிர்ச் சிகிச்சை நடந்தது" என்று முதலிலேயே பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தாடை எலும்பே கெட்டுப்போகலாம். காரத்தைக் குறைத்து, குழைந்த சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை, பப்பாளி சாப்பிடுங்கள். உடம்பு தேறியதும் வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், டாக்டர் சொன்ன தேதியில் மறு பரிசோதனைக்குப் போவது. நோய் திரும்பும் ஆபத்து முதல் இரண்டு வருஷத்தில்தான் அதிகம். "ஒரு நாள் சம்பளம் போயிடுமே" என்று தவறவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால், வேலைக் காலத்துக்கு ஏற்ப வருஷத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கவேண்டி வந்தால் 60 நாள் தனி. இது சலுகை அல்ல, உரிமை! மறுத்தால் சங்கத்துக்கு வந்து சொல்லுங்கள்.

பிழைத்து வந்தவரைக் காப்பாற்றுவது டாக்டர் ஒருவரின் பொறுப்பல்ல. அடுத்த கல்யாண வீட்டில் அந்தத் தட்டை யாரிடம் நீட்டுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிப்பீர்களா?