நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்



கார் வாங்கும் பேச்சு எழுந்ததும் வீட்டில் வரும் முதற் கேள்வி, "என்ன நிறம்?" என்பதுதான். எஞ்சினைப் பற்றி வாப்பா மட்டும் யோசிப்பார். நிறத்தைப் பற்றி முழுக் குடும்பமும் பேசும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு பழைய சிவப்புக் காரைப் பார்க்கப் போனோம். மஃரிபுக்குச் சற்று முன்னர்தான் வரச் சொல்லியிருந்தார்கள். அந்தி வெயிலில் கார் மாதுளம் பழம் போல மினுங்கியது. பிள்ளைகள் துள்ளினார்கள். நானும் மயங்கினேன். நான்கு மாதம் போகவில்லை, கூரையும் போனட்டும் வெளிறிவிட்டன. விரலால் தடவினால் இளஞ்சிவப்புத் தூள் ஒட்டியது.

கராஜுக்குக் கொண்டு போனேன். பெயின்ட் பாஸ் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஹஸரத், விக்கிறதுக்கு முந்தி நல்லா பொலிஷ் போட்டிருக்காங்க. பொலிஷ் எண்டா புதுசா பூசுறதில்ல. இருக்கிறதச் சுரண்டி மினுக்குறது" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கார்களில் அடியில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், பின்னர் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்' என்று பல படைகள் உண்டு. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் தடிப்பு. ஒவ்வொரு முறை அரைத்து மினுக்கும்போதும் அதில் கொஞ்சம் குறைகிறது. கிளியர் கோட் தேய்ந்து போனால் வெயிலின் புற ஊதாக் கதிர் நேரே நிறத்தைத் தாக்கும். பிறகு மேற்தோல் வெள்ளை வெள்ளையாக உரியத் தொடங்கும்.

எல்லா நிறமும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. சிவப்பு நிறமிகள் பல வெயிலில் சிதைபவை. கிளியர் கோட் இல்லாத பழைய சிவப்புக் கார்கள் இளஞ்சிவப்பாக மாறுவது அதனால்தான். கறுப்பு வெப்பத்தை உறிஞ்சும். சிறு கீறலையும் காட்டிக் கொடுக்கும். வெள்ளி நிறம் தூசியையும் கீறலையும் மறைக்கும். ஆனால் ஒரு கதவை மட்டும் பூசினால் மற்றப் பக்கத்தோடு நிறம் ஒத்துவருவது கடினம்.

வெள்ளைக்கு நிறம் தருவது டைட்டானியம் டையொக்சைட்டு என்ற கனிமப் பொருள். அது வெயிலில் வெளிறாது, வெப்பத்தையும் குறைவாகவே ஏற்கும். நமது வீதிகளில் வெள்ளைக் கார்கள் நிறைந்திருப்பதும், விற்கும்போது அவை இலகுவில் கைமாறுவதும் வியப்பல்ல. ஆனாலும் வெள்ளை என்றதும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். டொயோட்டாவின் சில வெள்ளை, முத்து வெள்ளை வாகனங்களில் வெயிலால் அடிப்பூச்சின் பிடிமானம் தளர்ந்து, பெயின்ட் பாளமாக உரிந்தது. வட அமெரிக்காவில் அந்நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட வாகனங்களுக்குத் திருத்தம் செய்து கொடுத்தது. நிறம் வெளிறாவிட்டாலும் பிடி விட்டுப் போகலாம்.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே இன்று சந்தையில் நிற்கும் பல கார்கள் நிறைய வெயில் கண்டவை. மாலையிலோ மழை நனைந்த நேரத்திலோ போய்ப் பார்க்காதீர்கள். ஈரம் எல்லாக் குறையையும் மறைக்கும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கதவைப் பார்க்குமுன் கூரையைப் பாருங்கள். அதிக வெயில் விழுவது அங்கேதான். கதவைத் திறந்து உட்புற விளிம்பின் நிறத்தை வெளி நிறத்தோடு ஒப்பிடுங்கள். ரப்பர் ஓரங்களில் பெயின்ட் படிந்திருந்தால் பின்னர் பூசப்பட்டது என்று அர்த்தம். ஒரு சிறு காந்தத்தை மெல்ல வைத்துப் பாருங்கள். தடித்த பற்றிக்கு மேல் அது ஒட்டாது. பதிவுச் சான்றிதழில் உள்ள நிறமும் காரின் நிறமும் ஒன்றா என்றும் பாருங்கள்.

என் சிவப்புக் காரின் கதையை முடிக்கிறேன். விற்க நினைத்தபோது தரகர், "ஒரு பொலிஷ் போட்டு அந்தியில காட்டுவோம் ஹஸரத்" என்றார். நான் ஏமாந்த அதே வழி! நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்தவரை நபியவர்கள் கண்டித்த சம்பவத்தை வகுப்பில் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்! வாங்க வந்தவரைப் பகல் பதினொரு மணிக்கு வரவழைத்து, முதலில் கூரையைக் காட்டினேன். நினைத்த விலை கிடைக்கவில்லை. பிள்ளைகள் முகம் வாடியது. ஆனால் அந்த மனிதரை இன்றும் வழியில் கண்டால் தலை குனியாமல் ஸலாம் சொல்ல முடிகிறது.

வாங்கும்போது கூரையைப் பாருங்கள். விற்கும்போது கூரையைக் காட்டுங்கள்.