கோடை உழவுக் கிரிக்கெட்

கரிசல் காட்டுச் சம்சாரிக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஐப்பசி மழையை நம்பி விதைக்கிறவன் சித்திரை, வைகாசியிலேயே கோடை உழவு உழுது போடுகிறான். அந்த உழவில் கதிர் கிடையாது. களத்தில் குவியலும் கிடையாது. ஆனால் அதைச் செய்யாதவனுடைய வெள்ளாமை என்ன லட்சணத்தில் இருக்கும் என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஜனங்கள் நன்கு அறிவார்கள்.

கிரிக்கெட்டிலும் கோடை உழவு உண்டு. அதற்குப் புச்சிபாபு பந்தயம் என்று பெயர். ரஞ்சிக் கோப்பைப் பருவம் துவங்குமுன், பல மாகாணக் கோஷ்டிகள் தமிழ்நாட்டுக்கு வந்து சிவப்புப் பந்தில் கை பழகிக்கொள்ளும் ஆட்டம் இது. இதில் எடுக்கும் ஓட்டம் ரஞ்சிக் கணக்கில் ஏறுவதில்லை.

புச்சிபாபு நாயுடு யார் என்று இளம் வாசகர்கள் கேட்கலாம். சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர் கிளப்பின் மைதானத்தில் இந்தியர் ஆடலாம். ஆனால் பகல் உணவை மரத்தடியில்தான் சாப்பிட வேண்டும் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அதைக் கண்டு புலம்பிக் கொண்டிராமல், 1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப்பை ஸ்தாபித்த மகானுபாவர் அவர். இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் பந்தயம் ஒன்றை ஏற்பாடு செய்தார். அதைப் பார்க்கக் கொடுத்து வைக்காமல் 1908-ல் காலமானார். மறு வருஷம் அவருடைய குமாரர்கள் துவக்கியதே இந்தப் பந்தயம்.

2024-ம் வருஷம் ஆடிக் கடைசியில், திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தில் ஜார்க்கண்டும் மத்தியப் பிரதேசமும் ஆடியதைக் காணும் பாக்கியம் கிடைத்தது. ஆரவாரம் இல்லை; வாத்திய முழக்கம் இல்லை. மட்டையில் பந்து படும் ஓசையும், ஆட்டக்காரர் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதும் தெளிவாகக் காதில் விழுந்தன. டெலிவிஷனில் கிடைக்காத சுகம் இது!

ஜார்க்கண்டின் தலைவர் இஷான் கிஷன். உள்நாட்டுப் பந்தயங்களைப் புறக்கணித்தார் என்ற பேச்சுக்கிடையே, அவ்வருஷம் பிப்ரவரியில் கிரிக்கெட் வாரியத்தின் ஒப்பந்தப் பட்டியலிலிருந்து அவர் பெயர் விடுபட்டிருந்தது. அந்த இருபத்தாறு வயது இளைஞர் 107 பந்துகளில் 114 ஓட்டங்கள் குவித்தார். இரண்டாவது ஆட்டத்தில் விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தபோதும் நிலைத்து நின்று, ஸிக்ஸர் அடித்து, இரண்டு விக்கெட்டில் வெற்றி தேடித் தந்தார். 2025 ஏப்ரலில் பட்டியலில் அவர் பெயர் மீண்டும் ஏறிற்று. கணக்கில் ஏறாத ஆட்டம் என்று அலட்சியம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்துப் பையன்களுக்கு வற்றிய கண்மாயே மைதானம். டென்னிஸ் பந்தே பந்து. தூக்கி அடிக்கத் தெரியும். வெளியே போகும் பந்தை விட்டுவிடத் தெரியாது. அது அவர்கள் குற்றமல்ல. நாலு நாள் ஆட்டத்தைக் கண்ணால் கண்டிருந்தால் அல்லவா பொறுமை என்னும் வித்தை பிடிபடும்? தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது இரண்டே தடவை: 1954–55, 1987–88. பிறகு 2024–25 முடிய அது நம் கைக்கு வரவில்லை.

2023-லும் 2024-லும் இந்தப் பந்தயம் கோவை, சேலம், நத்தம், திருநெல்வேலி என்று வெளியூர்களில் நடந்தது. 2025-ல் சென்னைக்கே திரும்பிவிட்டது. பட்டணத்து ரஸிகர்களிடம் நமக்குப் பொறாமை இல்லை. அவர்களுக்குச் சேப்பாக்கம் என்றும் இருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு நாலைந்து ஆட்டங்களாவது தென் ஜில்லாக்களுக்கு வந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டலாம். மரத்தடியில் உட்கார வைக்கப்பட்டவர்களின் கௌரவத்துக்காகப் போராடியவர் பெயரால் நடக்கும் பந்தயம், தூரத்தில் நிற்கும் பிள்ளைகளையும் கிட்ட அழைப்பதுதானே நியாயம்?