சைகோன் வீடும் வில்லியனூர் வீடும்

சென்ற தை மாதம் வில்லியனூருக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். வயது 78. பிரெஞ்சுப் பிரஜை. பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். இளமையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பென்ஷன் வாங்குகிறவர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘சொல்தா’. வருஷம் ஒரு முறை குளிர்காலத்தில் இரண்டு மாத லீவு போல வந்து தங்கிவிட்டுப் போகிறவர்களில் ஒருவர்.

இவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது.

என் பாட்டி அவர் தகப்பனாருடைய நிலத்தில் நாற்று நட்டவள். அந்த நிலம் ஊசுட்டேரிப் பாசனத்தில் 6 காணி நஞ்சை. ஊரில் அதற்குப் பெயரே ‘சைகோன் காணி’. ஏன் அந்தப் பெயர் என்று சிறு வயதில் நான் கேட்டதற்கு, “சைகோனிலே சம்பாதிச்சு வாங்கினது, அதான்” என்றாள் பாட்டி. சைகோன் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. வில்லியனூர் ரயிலடிக்கு அப்பால் எங்கோ இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

பெரியவர் பிறந்தது அந்தச் சைகோனில், 1947-ஆம் வருஷம். தகப்பனார் அங்கே சுங்க இலாகாவில் சிப்பந்தி. பிரெஞ்சுப் பட்டாளத்தின் கடைசிப் படைகள் 1956 ஏப்ரலில் சைகோனை விட்டு வெளியேறின. அதே வருஷம் இந்தக் குடும்பமும் கப்பலேறி வில்லியனூர் வந்து சேர்ந்தது. பையனுக்கு அப்போது 9 வயது. பின்னர் 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி புதுவை சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தகப்பனார் எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தில் பையன் பட்டாளத்துக்குப் போனான், பாரிசுக்குப் போனான், பேரப் பிள்ளைகள் பிரெஞ்சு பேசுகிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இவருடைய மகள், “அப்பா, லீவுக்கு வியத்நாம் போவோம், நீ பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வருவோம்” என்று அழைத்துப் போயிருக்கிறாள். கிட்டத்தட்ட 70 வருஷத்துக்குப் பிறகு! அந்தக் கதையைத்தான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். மூன்று மாலைப்பொழுது சொன்னார்.

ஊரின் பெயர் இப்போது ஹோ சி மின் நகரம். அவர் அறிந்த கத்தினா வீதி இப்போது தோங் கோய் வீதி. ‘எழுச்சி’ என்று அதற்கு அர்த்தமாம். பென் தான் மார்க்கெட் மட்டும் மணிக்கூண்டோடு அதே இடத்தில் நிற்கிறது. அதற்குச் சமீபத்தில் மாரியம்மன் கோயில். நம் ஜனங்கள் கட்டிய கோயில்தான், ஆனால் இப்போது கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வியத்நாம் ஜனங்கள். ஊதுபத்திக் கட்டைக் கையில் ஏந்திக்கொண்டு மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் பெண்கள் வருகிறார்கள். ‘இந்திய அம்மன்’ என்று அவர்கள் மொழியில் பெயர். “நம்ம அம்மன் அங்கே வேலைக்காரப் பொம்பளைகளோட அம்மன் ஆயிட்டா தம்பி” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வார்த்தை எனக்குப் பிடித்தது.

மார்க்கெட்டிலிருந்து ஒரு சந்தில் போனால் வீடு. மாடி வீடு. கீழே தையல் கடை, மேலே மூன்று குடும்பங்கள். தையல் மிஷினில் இருந்த அம்மாள் எழுந்து வந்து என்ன வேண்டும் என்று கேட்டாளாம். மொழிபெயர்க்கக் கூட ஒரு பையன் இருந்தான். “இந்த வீட்டில் பிறந்தவர்” என்று அவன் சொன்னதும் அவள் நாற்காலி போட்டு, ஐஸ் போட்ட டீத்தண்ணீர் கொடுத்து உபசரித்தாள். அவளும் அதே வீட்டில்தான் பிறந்தாளாம், 1976-இல். தகப்பன் மேகோங் ஆற்றுப் படுகையில் உழுதுகொண்டிருந்தவன். சைகோன் விடுதலையான 1975-க்குப் பிறகு நகரத்துக்கு வந்தவன். பெரியவர் மாடிப்படியின் மரக் கைப்பிடியைத் தடவிப் பார்த்து அழுதிருக்கிறார். அவளும் அழுதிருக்கிறாள்.

பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். “உங்கள் அப்பா இங்கே என்ன வேலை செய்தார்?”

“கிளார்க்கு வேலைன்னு சொல்லிட்டேன் தம்பி. சுங்கம்னு சொல்ல வாய் வரலை.”

ஏன் வரவில்லை? தோழர்களே, அதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரன் தலைவரி போட்டான். அது போதாதென்று உப்பு, சாராயம், அபினி மூன்றையும் சர்க்காரின் ஏகபோகமாக்கினான். தன் வயல் அரிசியில் தன் வீட்டில் சாராயம் காய்ச்சிய விவசாயி குற்றவாளி. அவன் குடிசையைச் சோதனை போட்டு, பானையை உடைத்து, அபராதம் எழுதுகிற வேலை சுங்க இலாகாவுடையது. அந்த இலாகாவிலும், போலீசிலும், கோர்ட்டிலும், மார்க்கெட் வரி வசூலிலும் நம் புதுவை, காரைக்கால் மனிதர்கள் ஏராளமாக இருந்தார்கள். லேவாதேவி செய்ய செட்டியார்கள் போனார்கள். 1930-களின் நெருக்கடியில் கடன்பட்டவனுடைய வயல்கள் அவர்கள் கைக்கு வந்தன. வியத்நாம் ஏழைகள் நம்மவர்களை ‘சா வா’ என்பார்கள். அதில் மரியாதை இராது. மாடியில் ஒரு கிழவி எட்டிப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னாளாம். மொழிபெயர்க்க வந்த பையன் சிரித்து மழுப்பிவிட்டான். பெரியவருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. 9 வயது வரை கேட்ட வார்த்தை அல்லவா!

இதைக் கேட்டு, “ஏகாதிபத்தியத்தின் கையாட்கள்” என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போக நான் தயாரில்லை. முப்பது வயதில் எழுதியிருப்பேன். இப்போது முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

இவருடைய பாட்டனார் வில்லியனூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்த பண்ணையாள். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி பிரெஞ்சு சர்க்கார் ஒரு டிக்ரி போட்டது. ஜாதி வழக்கச் சட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துப் புதிய குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டால் பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்ட பிரஜையாகலாம். ‘ரெனோன்சான்’ என்று அவர்களுக்குப் பெயர். பாட்டனார் எழுதிக் கொடுத்தார், கப்பலேறினார். சைகோனில் அவர் தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், கையில் ஓட்டு. வெள்ளைக்காரனுக்குச் சமமான சம்பளம் கொடு என்று ரெனோன்சான்கள் அங்கே வாதாடினார்கள். ஊரில் நிமிர முடியாதவன் நிமிர்வதற்கு ஒரு கப்பல் கிடைத்தால் ஏறமாட்டானா? நீங்களும் நானும் ஏறியிருக்க மாட்டோமா? ஆனால் நிமிர்ந்தவன் எதன்மேல் கால் வைத்து நிமிர்ந்தான் என்று பார்த்தால், அங்கே இன்னொரு பண்ணையாளின் முதுகு. காலனி ஆட்சியின் சாமர்த்தியம் அதுதான். இங்கே மிதிபட்டவனுக்கு அங்கே மிதிக்கிற உத்தியோகம்.

அதே ஆட்சிதான் 1936 ஜூலை 30-ஆம் தேதி புதுவை சவானா மில்லில் சுட்டது. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். பாரிசில் அப்போது மக்கள் முன்னணி சர்க்கார் என்பதையும் மறக்க வேண்டாம். பெயர் மட்டும் போதாது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. சைகோனைத் திரும்பப் பிடித்துக் கொடுக்க 1945-இல் பிரிட்டிஷ்காரன் அனுப்பியது எந்தப் பட்டாளம்? இந்தியப் பட்டாளம். நம் தேசத்து விவசாயிப் பிள்ளைகள்! இந்தியச் சிப்பாய்களை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று ஜவஹர்லால் நேரு அப்போதே கண்டித்தார்.

அந்த வியத்நாம் விவசாயிகள் 1954 மே 7-இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் பட்டாளத்தைப் பணிய வைத்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 18-இல் நம் வில்லியனூருக்குப் பக்கத்துக் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. இங்கே மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் பட்ட அடியும் சிறையும் இல்லாமல் அது நடந்திராது. ஆனால் மேகோங் ஓரத்து உழவனின் இரத்தமும் அந்தக் கணக்கில் உண்டு. கீழூர் நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறவர்கள் அதை எண்ணுவதில்லை. பெரியவர் எண்ணினார். “எங்களை அங்கேயிருந்து துரத்தினவங்க உங்களுக்கு இங்கே கதவைத் திறந்துவிட்டாங்க” என்றார். சொல்தா வாயிலிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு விஷயம் இடையில். அவர் வீட்டில் எனக்கு ‘நெம்’ போட்டுக் கொடுத்தார்கள். உள்ளே கறியும் சேமியாவும் வைத்துச் சுருட்டிப் பொரித்த வியத்நாம் பண்டம். புதுவையில் பல வீடுகளில் இது சாதாரணம். அங்கே சைகோனில் தேங்காய்ப்பால் விட்ட ‘கா ரி’யை ரொட்டியோடு தின்கிறார்களாம். நம் கறி தான். சமையற்கட்டு மட்டும் வரியும் அபராதமும் இல்லாமல் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறது.

இனி நான் எழுத வந்ததற்கு வருகிறேன்.

பெரியவர் இந்த முறை வந்தது வில்லியனூர் வீட்டை விற்க. தேரோடும் வீதியிலிருந்து சற்றுத் தள்ளி, பின்பக்கம் பெரிய தோட்டத்தோடு உள்ள மனை அது. நிலத்தை முன்பே விற்றாகிவிட்டது. சைகோன் காணியில் இப்போது பிளாட் கற்கள் நிற்கின்றன. தோட்டத்தின் கோடியில், பழைய மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு குடிசை. அதில் ஒரு அக்கா இருக்கிறாள். வயது அறுபதுக்கு மேல். அவள் மாமியார் இந்த வீட்டுக்கு மாடு பார்த்து, வாசல் தெளித்து, காணியில் என் பாட்டியோடு நாற்று நட்டவள். குடும்பம் கப்பலிறங்கிய இரண்டொரு வருஷத்திலேயே அங்கே குடியேறியவள். அந்தக் குடிசையில் இரண்டு தலைமுறை பிறந்தாகிவிட்டது. புரோக்கர் டேப் பிடித்து அளந்தபோது குடிசையையும் சேர்த்தே அளந்தான்.

மூன்றாம் நாள் மாலை, சைகோன் மாடிப்படியைப் பற்றி அவர் மறுபடி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது நான் கேட்டேன்: “ஐயா, அங்கே உங்கள் வீட்டில் குடியிருக்கிற அம்மாள் உங்களுக்கு நாற்காலி போட்டாள். இங்கே உங்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள் முப்பது வருஷம் கழித்துத் தங்கள் வீட்டைப் பார்க்க வந்தால், எதைப் பார்ப்பார்கள்?”

அவர் பதில் சொல்லவில்லை. மகள் கோபித்துக்கொண்டாள். “அது வேறு, இது வேறு” என்றாள் பிரெஞ்சு கலந்து. வேறுதானா?

பழைய வீட்டைப் பார்க்க ஆசைப்படுவது மனித சுபாவம். அதைக் கேலி செய்வதற்கில்லை. அதற்கு ஒரு பாஸ்போர்ட்டும் விமானக் கூலியும் வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். இதே புதுவை, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து சென்ற நூற்றாண்டுக்கும் முந்தியதில் கூலிகளாக ரெயூனியனுக்கும் மர்த்தினிக்குக்கும் ஏற்றப்பட்டவர்களில் எத்தனை பேர் தம் குடிசையைத் திரும்பப் பார்த்தார்கள்? இப்போது அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் வருகிறார்கள், ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயரைப் பிழையாக எழுதிக்கொண்டு. கடல் தாண்டாதவர்களுக்கும் பழைய வீடு உண்டு. 2011 டிசம்பரில் தானே புயல் கூரையைப் பிய்த்தெறிந்து, 2020-இல் மூடப்பட்டுவிட்ட ரோடியர் மில்லின் வாசலில், சைக்கிளை நிறுத்தி ஒரு பீடி பிடித்துவிட்டுப் போகிற கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போய்த் தம் தறியைத் தடவிப் பார்க்க அவர்களுக்கு நாற்காலி போடுவார் இல்லை.

வீடு என்பது அதில் பிறந்தவனுடைய ஞாபகம் மட்டுமல்ல. அதைத் தெளித்துப் பெருக்கியவளுடைய உழைப்பும் அதில் இருக்கிறது. இது உணர்ச்சிப் பேச்சு என்று நினைப்பவர்கள் சட்டத்தைப் பார்க்கட்டும். பண்ணைக் குடியிருப்பு மனை அதில் வாழும் விவசாயத் தொழிலாளிக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் 1971-இல் சட்டமே வந்தது. புதுவையிலும் அந்த வழியில் உரிமை கேட்டோம். ஆனால் கேட்கிறவள் கையில் காகிதம் வேண்டும். அக்காவிடம் இருப்பது ஒரு பழைய ரேஷன் கார்டு, ஓட்டர் லிஸ்டில் மாமியார் பெயர், ஒரு வேப்பமரம். மரத்தைச் சாட்சியாக ஏற்பதில்லை. எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் மூலம் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறோம். மார்ச் மாதம் விசாரணை.

பெரியவர் கிரயப் பத்திரம் எழுதாமலேயே ஊருக்குத் திரும்பினார். மனம் மாறிவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். விலை படியவில்லை என்றும் சொல்கிறார்கள். சென்ற வாரம் போன் செய்தார். “தம்பி, அந்த அம்மாவோட மாமியார் பேர் என்ன?” என்றார். சொன்னேன். அவர் தகப்பனார் சுங்க இலாகாப் பழக்கத்தில், ஊருக்கு வந்த பிறகும் கணக்கு நோட்டு எழுதிவந்தாராம். யாருக்கு எத்தனை மரக்கால் நெல், எந்தத் தேதியில், எந்த வேலைக்கு, எல்லாம் பிரெஞ்சு எழுத்தில். 1958-லிருந்து இருக்கும் என்றார். நோட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, பெட்டி பாரிசில் இருக்கிறது. மகள் மே மாதம் லீவில் வரும்போது கொடுத்தனுப்பப் பார்க்கிறேன் என்றார்.

விசாரணை மார்ச்சில் என்று மறுபடி சொன்னேன்.